பையன் நல்லா வாங்குவான்

போன ஞாயிற்றுக்கிழமை அக்கா போன் பண்ணினாள். குரலிலேயே சந்தோஷம் தெரிந்தது. மகன் பாக்சிங்கில் சேர்ந்து எட்டு மாதம் ஆகிறது. கோச் தனியாகக் கூப்பிட்டுப் பாராட்டினாராம். "பெரிய பசங்க குத்துறதக்கூட அசராம வாங்குறான்க்கா. இந்தத் தாடை எல்லாருக்கும் அமையாது." சொல்லிவிட்டுக் காத்திருந்தாள். நானும் ஒரு காலத்தில் கிளவுஸ் மாட்டியவன் என்பதால் ஒரு சபாஷை எதிர்பார்த்திருப்பாள். எனக்கு வயிற்றைக் கலக்கியது. "சரிக்கா, அப்புறம் பேசுறேன்" என்று வைத்துவிட்டேன்.

அந்த அப்புறம்தான் இந்தப் பதிவு. அக்கா முகநூலில் இல்லை. அவள் மகள் வாசித்துக் காட்டுவாள்.

தொண்ணூறுகளின் கடைசியில் நான்கு வருடம் மதுரை ரேஸ்கோர்ஸ் பக்கம் விடிகாலையில் ஓடி, குதித்து, குத்துப்பட்டு வளர்ந்தவன் நான். சொல்லிக்கொள்ளும்படி மெடல் எதுவும் இல்லை. எங்கள் செட்டில் ஒருவன் இருந்தான். செல்லூர்க்காரன். 'கல்லு' என்றுதான் கூப்பிடுவோம். எவன் எவ்வளவு பலமாகக் குத்தினாலும் கல்லு பின்னால் போக மாட்டான். தாடையில் சரியாக ஒரு ஹூக், அதாவது பக்கவாட்டுக் குத்து, விழும். ஈரத் துணியைத் துவைகல்லில் அறைந்த மாதிரி சத்தம் வரும். கல்லு நாக்கால் மவுத்கார்டைப் பாதி வெளியே தள்ளி, அதைக் கடித்தபடியே சிரிப்பான். "அம்புட்டுத்தானா?"

நாங்கள் விழுந்து விழுந்து சிரிப்போம்.

அவனை என்ன செய்தோம் என்பதை இப்போது யோசித்தால் கூசுகிறது. எவனாவது மாநிலப் போட்டிக்குத் தயாரானால் மாஸ்டர் கல்லுவைத்தான் ரிங்குக்குள் அனுப்புவார். ஆளுக்கு இரண்டு ரவுண்டு. ஒருவன் களைத்தால் அடுத்தவன் புதுசாக இறங்குவான். நான்கு பேர் மாறும்போது கல்லு மட்டும் மாறாமல் எட்டு ரவுண்டு நிற்பான். அவன் ஆடிய போட்டிகளின் கணக்கு ஒரு நோட்டில் ஒரு பக்கம்கூட வராது. பயிற்சியில் தலையில் வாங்கியதை எவன் எண்ணினான்? தொங்கவிட்ட மணல் மூட்டை கிழிந்துபோய், புதுசு வாங்கக் காசில்லாத நாட்கள் உண்டு. அப்போதெல்லாம் மூட்டையும் கல்லுதான்.

சரி, இந்தத் 'தாடை' என்பது என்ன? தாடை எலும்பின் உறுதி இல்லை. மண்டைக்குள் மூளை நீரில் மிதக்கிறது. தாடையின் நுனியில் பக்கவாட்டில் ஒரு குத்து விழுந்தால் தலை சட்டென்று திருகும். மண்டை திரும்பிய வேகத்துக்கு மூளையால் திரும்ப முடியாது. உள்ளே இருக்கிற நரம்பிழைகள் முறுக்கி இழுபடுகின்றன. அந்த அதிர்ச்சி ஓர் எல்லையைத் தாண்டினால் ஆள் சாய்கிறான். கழுத்து தடித்தவனுக்குத் தலை திருகுவது குறையும். குத்து வருவதைப் பார்த்துவிட்டால் கழுத்தை இறுக்கிக்கொள்ள முடியும். பார்க்காத குத்துதான் ஆளைச் சாய்க்கும் என்று சும்மாவா சொல்கிறார்கள். மிச்சம் பிறவியில் அமைவது. ஆனால் சாயாதவன் மூளை குலுங்கவே இல்லை என்று ஆகிவிடாது. வீட்டில் ஃபியூஸ் போகவில்லை என்பதற்காக ஒயர் சூடாகவில்லை என்று சொல்வோமா? சாய்ந்தவனுக்கு அன்றைய ஆட்டம் முடிந்தது. சாயாதவன் அடுத்த பத்து நிமிடமும் வாங்கிக்கொண்டிருப்பான்.

'ஹெட்கார்டு போட்டிருக்கானே?' என்று அக்கா கேட்பாள். புருவம் கிழியாமல் காக்கும், வீக்கம் குறையும். உள்ளே குலுங்குவதை அது நிறுத்தாது. 2013-க்குப் பிறகு ஆண்கள் பெரிய போட்டிகளில் அதைக் கழற்றியே விட்டார்கள். 2016 ரியோ ஒலிம்பிக்கில் ஆண்கள் வெறும் தலையோடுதான் ஆடினார்கள்.

அடி தாங்கியவர்கள் என்று பேச ஆரம்பித்தால் எல்லோரும் கனடாக்காரர் ஜார்ஜ் சுவாலோவைச் சொல்வார்கள். 93 தொழில்முறைப் போட்டிகள், ஒரு தடவைகூடத் தரையில் விழுந்ததில்லை. ஜோ ஃப்ரேசியர் அவர் கண்குழி எலும்பை உடைத்தார், ஜார்ஜ் ஃபோர்மன் மூன்றாவது ரவுண்டிலேயே போட்டுப் புரட்டினார். இரண்டு தடவையும் நடுவர் வந்து நிறுத்தும்போது மனிதர் நின்றுகொண்டுதான் இருந்தார். 1966-ல் டொராண்டோவில் முகமது அலியோடு பதினைந்து ரவுண்டு முழுசாக ஆடித் தோற்றார். அதைப் பின்னாளில் சிரித்துக்கொண்டே சொல்வார்: அன்று ராத்திரி அலி ஆஸ்பத்திரிக்குப் போனார், நான் மனைவியோடு நடனமாடப் போனேன் என்று. கேட்கச் சுகமாகத்தான் இருக்கிறது. அப்படியே கல்லு பேசுகிற மாதிரி.

ஆனால் எனக்கு உறுத்துவது சுவாலோ இல்லை, அலி.

இளம் அலியை அடிக்கவே முடியாது. கையைத் தொங்கப்போட்டுக்கொண்டு, இடுப்பை லேசாகச் சாய்த்து, ஓர் அங்குலத்தில் தப்பிப்பார். வியட்நாம் போருக்குப் போக மாட்டேன் என்றதற்காக 1967-லிருந்து மூன்றரை வருடம் ரிங் பக்கமே விடவில்லை. திரும்பி வந்தபோது கால் பழைய கால் இல்லை. ஓட முடியாத இடத்தில் அவர் இன்னொன்றைக் கண்டுபிடித்தார்: தன்னால் அடி தாங்க முடியும். 1973-ல் கென் நார்ட்டன் இவர் தாடையை உடைத்த பிறகும் பன்னிரண்டு ரவுண்டு முடித்தார். 1974 அக்டோபரில் கின்ஷாசாவில் கயிற்றில் சாய்ந்துகொண்டு ஃபோர்மனை அடிக்கவிட்டு, அவர் களைத்ததும் எட்டாவது ரவுண்டில் சாய்த்தார். உலகமே கொண்டாடியது. நானும் அந்த வீடியோவை நூறு தடவை பார்த்திருப்பேன். இப்போதும் பார்ப்பேன், பொய் சொல்ல விரும்பவில்லை.

ஆனால் அந்தக் கயிற்று வித்தையை அவர் ஒரு ராத்திரிக்கென்று வைத்துக்கொள்ளவில்லை. பயிற்சி முகாமிலும் சும்மா சாய்ந்து நின்று, கூடப் பயிற்சி செய்கிறவர்களை அடிக்கச் சொல்வார். அடி வாங்கினால் உடம்பு பழகும் என்று நம்பினார். அப்படிப் பயிற்சிக்கு வந்தவர்களில் ஒருவர் லாரி ஹோம்ஸ். 1980 ஆரம்பத்தில் அலி மெட்ராஸ் வந்து நேரு ஸ்டேடியத்தில் ஜிம்மி எல்லிஸோடு ஒரு காட்சிப் போட்டி ஆடினார். என் பெரியப்பா மதுரையிலிருந்து ராத்திரி ரயிலேறிப் போய்ப் பார்த்துவிட்டு வந்து, சாகிற வரைக்கும் அதையே சொல்லிக்கொண்டிருந்தார். அதே வருடம் அக்டோபரில் அதே ஹோம்ஸ் பத்து ரவுண்டு அலியை அடித்தார். அலி ஒரு ரவுண்டைக்கூட ஜெயிக்கவில்லை, விழவும் இல்லை. கடைசியில் அவருடைய பயிற்சியாளர் ஏஞ்செலோ டண்டீதான் போதும் என்று நிறுத்தினார். 1984-ல் பார்க்கின்சன் என்றார்கள். அடி மட்டும்தான் காரணமா என்று மருத்துவர்கள் வாதாடட்டும். 1996-ல் அட்லாண்டாவில் ஒலிம்பிக் ஜோதி ஏற்ற வந்தபோது அந்தக் கை நடுங்கியதை டிவியில் பார்த்தவர்களுக்கு வேறு வாதம் தேவைப்படவில்லை.

அவர் குறைவாகத் தாங்கியிருந்தால் சீக்கிரம் தோற்றிருப்பார். சீக்கிரம் தோற்றிருந்தால் சீக்கிரம் வீட்டுக்குப் போயிருப்பார்.

கமெண்டில் யாராவது ஜேக் லமோட்டாவைக் கொண்டு வருவீர்கள் என்று தெரியும். 1951-ல் சுகர் ரே ராபின்சன் பதிமூன்று ரவுண்டு அடித்து நொறுக்கியும் விழாமல் நின்ற மனிதர், 95 வயது வரை இருந்தார். அவரை அடித்த ராபின்சனோ, அத்தனை அழகாக ஆடியவர், கடைசியில் அல்சைமரோடு 67 வயதில் போய்ச் சேர்ந்தார். உண்மைதான், கணக்கு நேராக வராது. ராபின்சன் இருநூறு போட்டிகளில் இறங்கியவர் என்பதையும் சேர்த்துப் பாருங்கள். பீடி குடித்தே தொண்ணூறு வயது வாழ்ந்த தாத்தா எல்லார் வீட்டிலும் ஒருவர் இருப்பார். அதற்காகப் பேரனுக்குப் பீடிக்கட்டு வாங்கிக் கொடுப்பதில்லை. அலியோடும் ஃப்ரேசியரோடும் தலா இரண்டு தடவை மோதிய ஜெர்ரி குவாரியையும் கொஞ்சம் தேடிப் படியுங்கள். ஐம்பது வயதுக்குள் அவருக்குச் சட்டை மாட்டிவிட ஆள் வேண்டியிருந்தது. 53-ல் இறந்தார். குத்துவாங்கிக் குத்துவாங்கிப் புத்தி தடுமாறுவதைப் பற்றி ஹாரிசன் மார்ட்லண்ட் என்ற அமெரிக்க மருத்துவர் 1928-லேயே எழுதிவிட்டார். புதுச் செய்தி இல்லை இது.

ஜல்லிக்கட்டை இழுக்காமல் மதுரைக்காரன் ஒரு பதிவு போட முடியாது என்பார்கள். நான் சிலம்பத்தை இழுக்கிறேன். கம்பின் நுனியில் பொடி தடவிச் சுற்றி, ஆட்டம் முடிந்ததும் யார் உடம்பில் எத்தனை பொட்டு என்று எண்ணும் வழக்கம் இருந்தது. பொட்டு விழுந்தவன் தோற்றவன். "என்னமா வாங்குறான்யா" என்று எந்த வாத்தியாரும் மெச்சியதாக நான் கேள்விப்பட்டதில்லை. பாக்சிங்கில் மட்டும் இந்தப் புத்தி எங்கிருந்து வந்தது? டிக்கெட் வாங்கியவனுக்கு அது பிடிக்கும், அதுதான். ஐம்பது போட்டியும் ஜெயித்த மேவெதரை 'போர்' என்று திட்டுகிறவர்கள் நம் டீக்கடையிலேயே இருக்கிறார்கள். அடி படாமல் ஜெயித்தால் ஏமாற்று வேலையாம்!

செவ்வாய்க்கிழமை கோச்சைப் போய்ப் பார்த்தேன். நல்ல பையன், முப்பது வயதுகூட இருக்காது. டீ வாங்கிக் கொடுத்தார். நான் சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டு, "அண்ணே, அடி வாங்காம எப்படிண்ணே பாக்சிங் கத்துக்கிறது?" என்றார். நியாயமான கேள்வி. முதல் குத்து விழும்போது கண்ணை மூடாமல் இருக்க, பதறாமல் மூச்சு விட, கொஞ்சம் வாங்கித்தான் ஆக வேண்டும். அது ஒரு பாடம், பத்து நாளில் முடிய வேண்டிய பாடம். அதையே ஒரு பையனின் திறமையாக்கி, பெரிய பசங்களுக்குப் பலகையாக நிறுத்துவது வேறு. எடைக்கு எடை விடுங்கள், தலையில் விழும் ஸ்பாரிங்கை (பயிற்சிச் சண்டையை) வாரத்துக்கு ஒரு நாளோடு நிறுத்துங்கள், ரவுண்டு கணக்கை நோட்டில் எழுதுங்கள், தலைவலி என்று சொன்னால் கிளவுஸைப் பிடுங்கி வைத்துவிடுங்கள் என்றேன். கடைசியாகச் சொன்னதற்குத்தான் அவர் முகம் மாறியது. "நம்ம பசங்க எங்கண்ணே தலைவலிங்கிறாங்ய?"

அதைத்தானே நானும் சொல்கிறேன். நல்லா வாங்குவான் என்று ஒரு தடவை பேரெடுத்த பையன் வாயைத் திறந்து வலிக்கிறது என்று சொல்லவே மாட்டான். 1975-ல் மணிலாவில் பதினான்கு ரவுண்டு முடிந்தபோது ஃப்ரேசியருக்கு இரண்டு கண்ணும் அடைத்துக்கிடந்தது. இன்னும் ஒரே ஒரு ரவுண்டுதான். போகிறேன் என்று எழுந்தார். அவருடைய பயிற்சியாளர் எட்டி ஃபட்ச் விடவில்லை. ரிங்கில் அடிபட்டுச் செத்தவர்களைக் கண்ணால் பார்த்த மனிதர் அவர். எங்கள் மூலையில் அப்படி ஒருவர் இருக்கவில்லை. குறை சொல்லவில்லை, மாஸ்டருக்கும் அப்படித்தான் சொல்லிக்கொடுத்திருப்பார்கள். கல்லு சிரித்தபோது நாங்களும்தானே சிரித்தோம்.

கல்லு இப்போது மாவு மில் வைத்திருக்கிறான். நன்றாகத்தான் இருக்கிறான், மகளுக்குக் கல்யாணம் பேசிக்கொண்டிருக்கிறான். புதன்கிழமை பார்க்கப் போனேன். பேசிக்கொண்டே இருந்தவன் வண்டிச் சாவியைத் தேட ஆரம்பித்தான். மேசை, கல்லாப்பெட்டி, தராசுக்குப் பின்னால், சட்டைப்பை. சாவி அவன் இடதுகைச் சுண்டுவிரலில் தொங்கிக்கொண்டிருந்தது. நான் சொன்னதும் பார்த்துவிட்டுச் சிரித்தான். நானும் அப்படித் தேடுவதுண்டு, வயசு நாற்பத்தேழு ஆகிறது, எல்லாருக்கும் இருப்பதுதான். கால் மணி நேரம் கழித்து மறுபடியும் தேடினான். அப்போது மில்லுக்குள்ளிருந்து அவன் மனைவி, கோதுமை அள்ளுவதை நிறுத்தாமல், "கையில பாருங்க" என்றார்.

வியாழன் சாயங்காலம் அக்கா வீட்டு மொட்டை மாடியில் மருமகனை நிறுத்தினேன். குத்துக்குக் குனிந்து தப்பிக்கும் பயிற்சி. அவன் தோள் உயரத்துக்கு ஒரு கயிறு கட்டி, கயிற்றுக்கு இந்தப் பக்கம் தலையை நீட்டி, முழங்காலை மடக்கிக் குனிந்து, அந்தப் பக்கம் எழ வேண்டும். நாங்களும் பழகியதுதான், யாரும் ஒழுங்காகச் செய்யவில்லை, அவ்வளவு சலிப்பு. பத்து தடவைக்குள் அவனுக்கும் சலித்துவிட்டது. "மாமா, இது போர் அடிக்குது" என்றான். அடிக்கட்டும், இன்னும் ஐம்பது போடு மாப்ள என்றேன். எனக்கே எண்ணிக்கை விட்டுப்போனபோது அக்கா மேலே வந்தாள். காயப்போட்டிருந்த துணியெல்லாம் சுருட்டி ஓரமாகத் தரையில் கிடந்தது. கொடிக்கயிற்றைக் காணோம்.

"இதுக்கா என் கொடிய அவுத்தீங்க?"

அவன் அதற்கும் குனிந்துகொண்டான்.