தெரிஞ்ச பாட்டா பாடு தம்பி

ஒரு வாரமாக போனைத் திறந்தால் பெங்களூரு கச்சேரிச் செய்திதான். எந்த பேண்ட் வருகிறது, டிக்கெட் எத்தனை நிமிடத்தில் தீர்ந்தது, யார் எந்த வரிசையில் நின்று செல்ஃபி எடுத்தார்கள். கிருஷ்ணகிரியிலிருந்து 90 கிலோமீட்டர், ஓசூரிலிருந்து 40. 2025 ஆகஸ்டில் பொம்மசந்திரா வரை மெட்ரோ வந்த பிறகு ஓசூர் பசங்களுக்கு அது இன்னும் கிட்டே. நல்லதுதான், போய் வரட்டும். எனக்குக் கடுப்பு வேறு இடத்தில்.

என் அக்கா மகன் ஓசூரில் ஒரு கம்பெனியில் வேலை பார்க்கிறான். முதல் ஷிப்ட் என்றால் காவேரிப்பட்டணம் பக்கத்திலிருக்கும் எங்கள் ஊரில் விடியற்காலை நாலரைக்குக் கம்பெனி பஸ் ஏற வேண்டும். அந்த பஸ்ஸில் உட்கார்ந்துதான் பாட்டு எழுதுகிறான். இதுவரை பதினொரு பாட்டு, எல்லாம் போனில் குறிப்பாக இருக்கிறது. ஒன்று இப்படி ஆரம்பிக்கும்:

"நாலரை மணி பஸ்ஸுக்கு நாய்தான் வழியனுப்புது
அம்மா கட்டுன டிபன் பாக்ஸு மடியில சூடாத் தூங்குது."

மாமன் என்பதற்காகச் சொல்லவில்லை, நல்ல பாட்டு. போன வைகாசியில் மாரியம்மன் திருவிழாவுக்கு ஆர்கெஸ்ட்ரா வந்தபோது, விழாக்குழுவில் நாலு பேர் கையைப் பிடித்து, அவனுக்கு இடையில் இரண்டு பாட்டு கேட்டு வாங்கினேன். அவர்களும் சும்மா பிகு பண்ணவில்லை. இரவு பத்துக்கு மேல் ஒலிபெருக்கி கூடாது என்பது 2000ஆம் ஆண்டு வந்த ஒலி மாசு விதி. திருவிழா என்றால் அரசு வருஷத்தில் 15 நாள் வரைக்கும் நள்ளிரவு 12 மணிக்குத் தள்ளி வைக்கலாம், அவ்வளவுதான். (கூத்து மட்டும் எப்படி விடிய விடிய நடக்கிறது என்று யாரும் கேட்காதீர்கள்.) இருக்கிற மூன்று மணி நேரத்தில் இவனுக்குப் பத்து நிமிடம் கொடுத்ததே பெரிசு.

ஏறினான். கிட்டாரை எங்கே சொருகுவது என்று சவுண்ட் சர்வீஸ்காரருக்குத் தெரியவில்லை. கீபோர்டுக்கு வைத்திருந்த நீள ஒயரை எடுத்து நேராக மிக்சரில் கொடுத்தார். கொர்ர்ர் என்று ஒரு இரைச்சல். சரி என்று ஒயரைக் கழற்றிவிட்டு, பாடுகிற மைக்கில் ஒன்றைக் கிட்டார் துளைக்கு முன்னால் நிறுத்தினார். அது ஊளையிட்டது. இதற்குள் முன்வரிசையிலிருந்து ஒருவர், "தம்பி, தெரிஞ்ச பாட்டா பாடு!" என்று குரல் கொடுத்துவிட்டார். இவன் பாட ஆரம்பித்தான். டிபன் பாக்ஸ் வரி வந்தபோது பெண்கள் பக்கத்தில் ஒரு சிரிப்பு ஓடியது. அது கேலிச் சிரிப்பு இல்லை, தன் வீட்டுச் சமாசாரம் மேடையில் கேட்டால் வருமே, அந்தச் சிரிப்பு. நான் அதைப் பார்த்தேன். இரண்டாவது சரணத்தில் மறுபடி ஊளை. சவுண்ட்காரர் வந்து மைக்கை எடுத்துக்கொண்டு போய்விட்டார். அடுத்த அரை நிமிடத்தில் ஆர்கெஸ்ட்ராவின் குத்துப்பாட்டு.

வீட்டுக்கு நடந்து வரும்போது அவனைத் தேற்றுவதற்காகச் சொன்னேன்: "விடுடா, 2025 பிப்ரவரியில பெங்களூரு சர்ச் ஸ்ட்ரீட்ல இங்கிலாந்துப் பாடகர் எட் ஷீரன் நடைபாதையில நின்னு பாடுனப்ப, அவருக்கே போலீஸ் வந்து ஒயரைப் பிடுங்கலையா?" அவன் தலையைத் தூக்காமல் சொன்னான்: "அவருக்கு அன்னிக்குச் சாயங்காலமே இன்னொரு மேடை இருந்துச்சு மாமா."

சவுண்ட்காரர் மேல் எனக்குக் கோபம் இல்லை. டி.ஐ. பாக்ஸ் என்று உள்ளங்கை அகலத்தில் ஒரு டப்பா இருக்கிறது. கிட்டாருக்குள் அதிர்வைப் பிடிக்க இருக்கும் பிக்கப்பிலிருந்து வரும் சிக்னல் ரொம்ப மெலிசு. நீளமான சாதா ஒயரில் விட்டால் வழியில் இருக்கிற கரண்ட் இரைச்சலையெல்லாம் வாரிக்கொண்டு வரும். இந்த டப்பா அதை மைக் ஒயரில் போகிற மாதிரி மாற்றிக்கொடுத்துவிடும். விலை இரண்டாயிரம் ரூபாய் பக்கம். சீரியல் லைட்டில் அம்மன் உருவம் மின்ன வைக்க எங்கள் ஊர் செலவழித்ததில் இது ஒரு மூலைக்குக் காணாது. ஆனால் கேட்டால்தானே வாங்குவார்கள்? கிட்டாரோடு ஒருத்தன் தனியாக வந்து நிற்பான் என்று யாரும் எதிர்பார்க்கவே இல்லை.

2011 அக்டோபர் 30ஆம் தேதி, ஞாயிற்றுக்கிழமை, பெங்களூரு பேலஸ் கிரவுண்ட்ஸில் மெட்டாலிக்கா என்ற அமெரிக்க ஹெவி மெட்டல் பேண்ட் வாசித்தபோது நானும் கூட்டத்தில் நின்றேன். இரண்டு நாள் முன்னால் குர்கானில் நடக்க வேண்டிய கச்சேரி ரத்தாகியிருந்தது, இதுவும் நடக்குமா என்ற பயத்தோடுதான் பஸ் ஏறினேன். நடந்தது. காது இரண்டு நாள் அடைத்திருந்தது. ராத்திரி சில்க் போர்டில் சேலம் பஸ்ஸுக்குக் காத்து நின்ற கதை தனி. இப்போது சொல்ல வந்தது வேறு. மெட்டாலிக்கா ஏறுவதற்கு முன்னால் அதே மேடையில் இன்னர் சாங்க்டம் வாசித்தது. பெங்களூரு பசங்க. அவர்கள் பாட்டு ஒன்றுகூட எனக்குத் தெரியாது. இருந்தும் நின்று கேட்டேன், தலையாட்டினேன். அன்றைக்குத்தான் முதல்முறையாக, உள்ளூர்க்காரன் சொந்தப் பாட்டோடு பெரிய மேடையில் நிற்கலாம் என்பதையே கண்ணால் பார்த்தேன். அந்த ஊரில் எல்லாம் சொர்க்கம் என்று சொல்லவரவில்லை, அங்கேயும் பப்பில் ஏறினால் பாதி ராத்திரி அடுத்தவன் பாட்டுத்தான். ஆனால் முன்னால் ஒரு அரை மணி நேரம் உள்ளூருக்கு என்று ஒதுக்கும் பழக்கம் இருக்கிறது.

"நம்ம ஜனம் சினிமாப் பாட்டைத் தவிர எதையும் கேட்காதுங்க" என்பார்கள். விழாக்குழுவிலும் இதையேதான் சொன்னார்கள். நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். 2018 ஜனவரி 6 அன்று சென்னைக் கீழ்ப்பாக்கத்தில் தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ் முதல் கச்சேரி நடத்தியது. பா. ரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையமும் இசையமைப்பாளர் தென்மாவும் சேர்ந்து உருவாக்கிய குழு. கானா, ராப், ராக் எல்லாம் ஒரே மேடையில். தெரிஞ்ச பாட்டைப் பாடு என்று யாரும் கத்தவில்லை, ஆயிரக்கணக்கில் வந்து நின்று கேட்டார்கள். அது சென்னை என்பீர்கள். சரி, நம்மூருக்கே வருவோம். தெருக்கூத்தில் கர்ணன் வேஷக்காரர் கிரீடமும் புஜகீர்த்தியும் கட்டிக்கொண்டு, ஆர்மோனியமும் முகவீணையும் மிருதங்கமும் பின்னாலிருந்து அடித்து நொறுக்க, தொண்டை நரம்பு புடைக்கப் பாடுவாரே, அதைவிடவா மெட்டாலிக்கா சத்தம்? அவர் ஒரு அடி பாட, பின்பாட்டுக்காரர்கள் அதையே வாங்கிப் பாடுவார்கள். ராக் பாட்டில் கோரஸ் என்பது இதுதான். நடுச்சாமத்தில், போர்வையைச் சுற்றிக்கொண்டு, அதைக் கேட்டு வளர்ந்த ஊர் இது. நமக்குக் கேட்கத் தெரியாது என்று மட்டும் சொல்லாதீர்கள்.

தருமபுரி, கிருஷ்ணகிரி என்றாலே அடுத்த வரியில் அதியமான், ஔவை, நெல்லிக்கனி என்று ஆரம்பித்துவிடுவோம். அதே புறநானூற்றில், அதியமான் பரிசில் கொடுக்காமல் இழுத்தடித்தபோது, ஔவை வாயிற்காவலனிடம் வெடிக்கிற பாட்டும் இருக்கிறது. இசைக்கருவிகளைக் காவடியில் கட்டியாச்சு, மூட்டையைச் சுருக்கியாச்சு, எந்தத் திசையில் போனாலும் அந்தத் திசையில் சோறு கிடைக்கும் என்று கிளம்புகிறாள். நெல்லிக்கனியைச் சொல்லுகிற மேடைகளில் இதை மட்டும் யாரும் சொல்வதில்லை. கிட்டார் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு ஓசூர் பஸ் ஸ்டாண்டில் சனிக்கிழமை சாயங்காலம் நிற்கிற பசங்களைப் பார்த்தால் எனக்கு அந்தப் பாட்டுத்தான் ஞாபகம் வரும்.

நான் கேட்பது ரொம்பச் சின்ன விஷயம். கிருஷ்ணகிரி மாங்கனிக் கண்காட்சியில் சாயங்காலம் கலைநிகழ்ச்சி இருக்கிறது. ஒகேனக்கல் ஆடிப்பெருக்கு விழாவில் இருக்கிறது. தருமபுரி புத்தகத் திருவிழாவில் எழுத்தாளருக்கு மேடை கொடுக்கிறோம், பாட்டு எழுதுகிறவனும் எழுதுகிறவன்தானே? ஒவ்வொன்றிலும் கால் மணி நேரம், இந்த இரண்டு மாவட்டத்துப் பையனோ பொண்ணோ, சொந்தப் பாட்டு மட்டும். தலைவர்கள் பொன்னாடை மாற்றிக்கொள்ளும் நேரத்தில் பாதியைக் குறைத்தாலே போதும். நன்றாக இல்லை என்றால் கை தட்ட வேண்டாம், மோர் குடித்துவிட்டு வாருங்கள். முழுசாக ஒரு தடவை கேட்டுவிட்டு அப்புறம் சொல்லுங்கள்.

அடுத்த திருவிழாவுக்கு விழாக்குழுவிடம் மறுபடி பேசியிருக்கிறேன். "ரெண்டே பாட்டு, அதுவும் ஒன்பது மணிக்குள்ள" என்றார்கள். கத்திய பெரியவரும் அங்கேதான் உட்கார்ந்திருந்தார். "அந்த டிபன் பாக்ஸ் பாட்டு அப்புறம் என்னாச்சு, முடிவு தெரியாமலே போச்சே?" என்று கேட்டார். டி.ஐ. பாக்ஸ் நானே வாங்கிவிட்டேன். அதைச் சரியாக மாட்டத் தெரிந்த சவுண்ட் சர்வீஸ்காரர் காவேரிப்பட்டணம், போச்சம்பள்ளி பக்கம் யாராவது இருந்தால் இன்பாக்ஸில் சொல்லுங்கள்.