அது பாலைவனம் இல்லை, தேரி

முந்தாநாளிலிருந்து அந்த வீடியோவை எனக்குப் பதினேழு பேர் அனுப்பிவிட்டார்கள். "உங்க ஊரு வந்துருக்குல்லா" என்று சந்தோஷமாகத்தான் அனுப்பினார்கள். தூத்துக்குடி மாவட்டத்துக் குதிரைமொழித் தேரியில், எங்கள் ஊர்ச் செம்மணல் மேட்டில், ஜீப்பை ஏற்றி இறக்கிவிட்டு அந்தத் தம்பி சொல்கிறார்: "தமிழ்நாட்டுக்குள்ள ஒரு பாலைவனம். இங்க எதுவுமே கிடையாது. எப்படி வந்துச்சுன்னே யாருக்கும் தெரியாது." மூன்றும் தப்பு.

ஆண்டுக்கு 250 மில்லிமீட்டர்கூட மழை பெய்யாத இடத்தைத்தான் பாலைவனம் என்பார்கள். எங்கள் பக்கம் அதைப்போல இரண்டு மடங்குக்கு மேல் பெய்யும். பெய்கிற மழையை மணல் அப்படியே குடித்து அடியில் வைத்துக்கொள்ளும். மேலப்புதுக்குடி அருஞ்சுனை காத்த அய்யனாரைக் கும்பிடப் போனவர்களைக் கேளுங்கள். சாமி பேரிலேயே சுனை இருக்கிற மண் இது. பாலைவனம் இல்லை.

எப்படி வந்தது என்றும் தெரியும். மேகாத்து, அதாவது மேற்குக் காற்று, கொண்டுவந்தது. ஆனி ஆடியில் தென்மேற்குப் பருவக்காற்று மலைக்கு அந்தப் பக்கமே மழையைக் கொட்டிவிட்டு, ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக வறண்டு, வேகமெடுத்து இறங்கும். முப்பந்தல் காற்றாலைகள் சுற்றுவது அதில்தான். நாங்குநேரிப் பக்கத்துச் செம்மண்ணைக் கிளப்பி, கிழக்கே தள்ளி, கடலை எட்டும் முன்னால் மேடு மேடாகப் போட்டது அந்தக் காற்று. ஒவ்வொரு மணலின் மேலும் மெல்லிசாக இரும்புத் துரு படிந்திருக்கிறது, அதுதான் இந்தச் சிவப்பு. பனியுகத்தில் கடல் உள்வாங்கியிருந்தபோது வெளியே கிடந்த மணலும் இதில் சேர்ந்தது என்கிற ஆய்வாளர்களும் உண்டு. இருக்கட்டும். எப்படிப் பார்த்தாலும் காற்று பல ஆயிரம் வருஷம் உழைத்துச் சேர்த்த மண்.

எதுவும் கிடையாதாம். சாயர்புரத்திலும் மெஞ்ஞானபுரத்திலும் இதே தேரி மணலில் கிடைத்த சின்னச் சின்னக் கல்லாயுதங்களைப் பற்றி ஸாய்னர், ஆல்ச்சின் என்கிற தொல்லியல் ஆய்வாளர்கள் 1956-லேயே எழுதிவிட்டார்கள். உழவு வருவதற்கு முன்பே இங்கே ஆள் இருந்திருக்கிறான். இன்றைக்கும் பனை இருக்கிறது, கொல்லாமரம் (முந்திரி) இருக்கிறது, கருப்பட்டி காய்ச்சுகிற குடிசையான விடிலியில் பயினி என்கிற பதநீர் காய்கிறது.

நான் பிறந்தபோது இதுவும் திருநெல்வேலி மாவட்டம்தான். 1986-ல்தான் தூத்துக்குடி என்று பிரித்தார்கள். ஆச்சி வீட்டு மேற்குப் பக்கம் ஓலை வேலி. ஆடி முடிவதற்குள் பாதி வேலி மணலுக்குள் போயிருக்கும். சோற்றுப் பானையைத் துணி போட்டு மூடி, அதன் மேல் தட்டையும் கவிழ்த்து வைப்பாள். அப்படியும் பல்லில் நறநறக்கும். ராத்திரி நடந்த தடம் காலையில் இருக்காது, அலை அலையாகப் புதுக் கோடு விழுந்திருக்கும். பூமி எப்படி உருவாகிறது என்று பள்ளிக்கூடத்தில் படம் போட்டுக் காட்டும் முன்னாலேயே நாங்கள் அதைக் கண்ணால் பார்த்துவிட்டோம்.

"சுற்றுலா வந்தா ஊருக்கு நல்லதுதானே" என்பீர்கள். வாங்க, நடந்து பாருங்க. செடி வேர்விட்டுப் பிடித்திருக்கிற மேட்டில் டயரை ஏற்றாதீர்கள். ஆடிக்காற்று முதலில் கைவைப்பது அந்த இடத்தில்தான்.

"ஒரு வார்த்தைக்கா இவ்வளவு கோபம்?" ஆமாம், ஒரு வார்த்தைக்குத்தான். என் அத்தையைப் பெண் பார்க்க ஆற்றுப்பாசனத்து ஊரிலிருந்து வந்தவர்கள், "மணக்காட்டுப் பிள்ளைக்கு வயவேலை என்ன தெரியும்" என்று காப்பி குடித்துக்கொண்டே சொன்னார்கள். அத்தை கதவுக்குப் பின்னால்தான் நின்றாள். தினமும் விடியும் முன்னே ஊற்றுத் தோண்டி, சிரட்டையால் கோரிக் கோரிக் குடம் நிரப்புகிறவள். இன்றைக்கு அந்த வீடியோவில் "எதுவுமே கிடையாது" என்று கேட்டபோது எனக்கு அந்தக் கதவுதான் ஞாபகம் வந்தது. பாலைவனம் என்று பேர் வைத்தால் அடுத்து "சும்மா கிடக்கிற இடம்" என்பார்கள். சும்மா கிடக்கிற இடத்தில் குப்பை கொட்டலாம், மண் அள்ளலாம், யாரும் கேட்கமாட்டார்கள். எனக்கு அதுதான் பயம்.

2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டியது. தாமிரபரணிக் கரை ஊரெல்லாம் முங்கிக் கிடந்தது. எங்கள் வீட்டுக்கு மேற்கே தேரிச் சரிவில் பெய்தது பெய்த இடத்திலேயே உள்ளே இறங்கிக்கொண்டிருந்தது, நான் நின்று பார்த்தேன். வண்டி ஓட ஆரம்பித்ததும் ஏரல் பக்கத்துச் சொந்தக்காரர்கள், வீட்டுக்குள் சேறு கிடக்கிறது என்று பிள்ளைகளோடு வந்து எங்களோடு தங்கினார்கள். அத்தைதான் நாலு நாளும் சோறு பொங்கிப் போட்டாள். தண்ணீர் எங்கள் கிணற்றுத் தண்ணீர்.

தம்பி, வீடியோவை எடுக்கச் சொல்லவில்லை. தலைப்பை மட்டும் மாற்றுங்கள். தேரி என்று போடுங்கள்.