நாற்பதிலிருந்து ஒன்றுவரை, முழுசாகக் கேளுங்கள்

வாரத்தின் நாற்பது பிரபலப் பாட்டுகளை 40-வது இடத்தில் தொடங்கி முதலிடம்வரை போடும் பழைய பாப் கவுன்ட்டவுன் வானொலி நிகழ்ச்சிகளின் மறுஒலிபரப்பைக் கேட்பவர்களில் பலர் கடைசி ஒரு மணி நேரத்துக்குத்தான் வந்து சேர்கிறார்கள். முதல் பத்து இடங்களின் பாட்டு போதும் என்ற எண்ணம். அந்தப் பத்தும் எண்பதுகளின் எந்தத் தொகுப்பைத் திறந்தாலும் இருக்கும். 40-வது இடத்துக்கும் 25-வது இடத்துக்கும் நடுவே வருகிற பாட்டுகள்தான் வேறெங்கும் எளிதில் கிடைக்காதவை. மூன்று வாரம் தலைகாட்டிவிட்டுக் காணாமல் போனவை, பிறகு முதலிடம் பிடிக்கப்போகிறவை, இறங்கிக்கொண்டிருப்பவை எல்லாம் அங்கே பக்கத்தில் பக்கத்தில் வரும். அந்த வாரத்தில் எது நிலைக்கும், எது போகும் என்று யாருக்கும் தெரியாது. அந்தத் தெரியாமையோடு கேட்பதற்குத்தான் இந்த ஒலிப்பதிவுகள்.

நான் பேசுவது ‘அமெரிக்கன் டாப் 40’ என்ற அமெரிக்க வானொலி நிகழ்ச்சி பற்றி. 1970 ஜூலை 4 வார இறுதியில் வெறும் ஏழு நிலையங்களில் தொடங்கியது. டான் பஸ்டானி, டாம் ரவுண்ட்ஸ், ரான் ஜேக்கப்ஸ் ஆகியோரோடு சேர்ந்து இதை உருவாக்கியவர் அதன் குரலான கேஸி கேசம். ‘ஸ்கூபி டூ’ கார்ட்டூனில் ஷேகியாக ஆங்கிலத்தில் பேசியவரும் இவர்தான், அதனால் பேரைக் கேள்விப்படாதவர்களுக்கும் குரல் பழகியதாக இருக்கலாம். 1988 ஆகஸ்ட் 6 வரை அவர் நடத்தினார், அடுத்த வாரம் ஷாடோ ஸ்டீவன்ஸ் வந்தார். அந்த எழுபதுகள், எண்பதுகளின் எபிசோடுகளைத்தான் வானொலி நிகழ்ச்சிகளை வினியோகிக்கும் பிரீமியர் நெட்வொர்க்ஸ் இரண்டு தனித் தொடர்களாக அமெரிக்க நிலையங்களுக்கு வாராவாரம் அனுப்புகிறது. நாள்காட்டியில் இது எந்த வாரமோ அதே வாரத்தின் எபிசோடு வரும், ஆண்டு மட்டும் மாறிக்கொண்டே இருக்கும்.

பிபிசி ரேடியோ 2-இன் ‘பிக் ஆஃப் த பாப்ஸ்’ நிகழ்ச்சியும் பழைய பட்டியல்களை எடுத்துக்கொள்கிறது. ஆனால் அங்கே இன்றைய அறிவிப்பாளர் இன்றைய ஸ்டூடியோவில் உட்கார்ந்து பேசுகிறார். எது பின்னால் பெரிதாகப் போகிறது என்று அவருக்குத் தெரியும், குரலிலும் அது தெரிந்துவிடும். கேஸிக்கு அடுத்த வாரம்கூடத் தெரியாது. நல்ல நிகழ்ச்சிதான், ஆனாலும் என் ஓட்டு அசல் ஒலிப்பதிவுக்கே.

எபிசோடின் தேதியை முதலில் பாருங்கள். 1978 அக்டோபர் 7-க்கு முந்தியவை மூன்று மணி நேரம், அன்றிலிருந்து நான்கு. காரணம் சாதாரணக் கணக்கு. 1970-இல் பாட்டு சராசரியாக மூன்று நிமிடம் என்று வைத்தால் நாற்பது பாட்டுக்கு 120 நிமிடம். மீதி ஒரு மணி நேரத்தில் பேச்சு, விளம்பரம் எல்லாம் அடங்கிவிடும். டிஸ்கோ காலத்தில் பாட்டு நான்கு நிமிடத்தைத் தொட்டது. 160 நிமிடம் பாட்டுக்கே போனால் 180-க்குள் எதைச் செருகுவது? அதனால்தான் 1977, 78 எபிசோடுகளில் பாட்டுகள் கத்தரி பட்டுக் கிடக்கின்றன. நடு இசை காணாமல் போகும், இரண்டாவது சரணம் பறக்கும், முடிவு சீக்கிரமே தேயும். உங்கள் இணைய ஸ்ட்ரீமில் கோளாறு என்று நினைக்க வேண்டாம், அன்றைக்கே அப்படித்தான் போனது. 1978 செப்டம்பர் எபிசோடு ஒன்றையும் அக்டோபர் எபிசோடு ஒன்றையும் அடுத்தடுத்துக் கேட்டால் மூச்சு விட இடம் கிடைத்தது காதிலேயே தெரியும்.

இன்றைக்கு நடக்கும் வெட்டுதான் எனக்கு ஆறாத குறை. எண்பதுகளின் எபிசோடை மூன்று மணி நேரமாகவும் ஒலிபரப்ப வசதி இருக்கிறது. சில நிலையங்கள் முதல் மணி நேரத்தையே விட்டுவிடுகின்றன. கவுன்ட்டவுன் 30-ஐ ஒட்டித் தொடங்கினால் உங்களுக்குக் கிடைத்திருப்பது அந்த வடிவம். முழு நான்கு மணி நேரமும் போடும் நிலையத்தைத் தேடுங்கள். நிலையத்தின் வார இறுதி அட்டவணையில் எத்தனை மணி நேரம் ஒதுக்கியிருக்கிறார்கள் என்று பார்த்தாலே தெரிந்துவிடும். எழுபதுகளின் எபிசோடில் இதற்கு நேர்மாறு, அசலில் இல்லாத பாட்டுகளும் நடுவே வரலாம். அன்றைய விளம்பர நேரத்தை நிரப்ப அதே காலத்துப் பாட்டு ஒன்றிரண்டைச் சேர்த்து அனுப்புகிறார்கள். வேறொரு குரல் அறிமுகம் செய்தால் அது பட்டியலில் சேராது, எண்ணிக்கையில் விட்டுவிடுங்கள்.

இந்தியாவிலிருந்தோ இலங்கையிலிருந்தோ கேட்பதானால் நேரம் கணக்குப் போட வேண்டும். நியூயார்க் நேரம் சனி காலை 9 மணி என்றால் நமக்குக் கோடையில் மாலை 6.30, குளிர்காலத்தில் 7.30. கலிபோர்னியாவில் அதே 9 மணி நமக்கு இரவு 9.30 அல்லது 10.30. மார்ச் இரண்டாம் ஞாயிறும் நவம்பர் முதல் ஞாயிறும் அவர்கள் கடிகாரத்தை மாற்றுவார்கள், அந்த வாரங்களில்தான் பலர் முதல் மணி நேரத்தைத் தவறவிடுகிறார்கள். நேர மண்டல வேறுபாட்டில் ஒரு லாபமும் உண்டு. கிழக்கில் தவறியது மேற்கில் சில மணி நேரம் கழித்து வரும், பெரும்பாலும் அதே எபிசோடு. டேட்டா 128 கேபிபிஎஸ் ஸ்ட்ரீமுக்கு மணிக்குச் சுமார் 58 எம்பி, நான்கு மணி நேரத்துக்கு 230. பல அமெரிக்க நிலையங்கள் வெளிநாட்டுக்கு ஸ்ட்ரீமை அடைத்துவிடுகின்றன, அதனால் கையில் மூன்று நான்கு நிலையங்களாவது இருக்கட்டும். கல்லூரி விளையாட்டுப் பருவத்தில் நேரடி வர்ணனை வந்து நிகழ்ச்சியை விழுங்கும் நாள்களும் உண்டு.

ஸ்ட்ரீமில் அடிக்கடி நடக்கும் கோளாறு, விளம்பரம் முடிந்ததும் கேஸி பாதி வாக்கியத்தில் இருப்பார். வானொலியில் போகும் விளம்பரத்தை மறைத்து இணையத்துக்கு வேறு விளம்பரம் செருகுகிறார்கள், இரண்டின் நீளமும் பொருந்தாவிட்டால் அடுத்த துண்டின் தலை வெட்டுப்படும். இந்த நிகழ்ச்சியில் அது பெரிய இழப்பு. இடைவேளைக்கு முன் கேஸி ஒரு புதிர் போடுவார், இடைவேளை முடிந்த முதல் சில நொடிகளில் விடை சொல்லிவிட்டுப் பாட்டுக்குப் போவார். அந்த நொடிகள்தான் போகின்றன. உங்கள் பக்கத்தில் சரிசெய்ய வழியில்லை, நிலையத்தை மாற்றுவது ஒன்றே வழி. பாட்டு சற்றுச் சுருதி ஏறி ஒலித்தால் ஒலிபரப்பை வேகமாக்கியிருக்கிறார்களா என்று பாருங்கள். நான்கு நிமிடப் பாட்டு முழுதாக ஓடி 3 நிமிடம் 52 நொடியில் முடிந்தால் 3.4 சதவீத வேகம், சுருதி பியானோவின் அடுத்தடுத்த இரண்டு கட்டைகளுக்கு இடையிலான தூரத்தில் பாதிக்கும் கொஞ்சம் மேலே ஏறியிருக்கும்.

சத்தத்தில் லேசான கரகரப்பு இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். அந்தக் காலத்தில் நிகழ்ச்சி எல்.பி. தட்டுகளில் அச்சாகித் தபாலில் போனது. மூன்று மணி நேரத்துக்கு மூன்று தட்டு, நான்கு மணி நேரத்துக்கு நான்கு. பக்கத்துக்குச் சுமார் அரைமணி நேரம்.

சொந்தமாகக் கேட்கப் பதிவு செய்வதானால் விஎல்சி என்ற இலவச பிளேயரில் ஸ்ட்ரீம் முகவரியைக் கொடுத்து ரெக்கார்ட் பட்டனை அழுத்துவது நல்லது. விண்டோஸில் ஒலிப்பதிவு மென்பொருளான ஆடாசிட்டியின் லூப்பேக் முறையும் (கணினியில் ஒலிப்பதை அப்படியே பதிவது) வேலை செய்யும், ஆனால் கணினியின் வாட்ஸ்அப் மணியோசையும் சேர்ந்து பதிவாகும். அறிவிப்புகளை அணைத்துவிட்டுத் தொடங்குங்கள். இணைப்பு அறுந்தால் பதிவு நின்றுபோகும் என்பதால் மணிக்கு ஒருமுறை எட்டிப் பாருங்கள்.

ஒரு தாளில் 40 முதல் 1 வரை எழுதிக்கொண்டு உட்காருவது என் பரிந்துரை. பாட்டு, இந்த வார இடம், போன வார இடம் என்று மூன்று பத்தி. கேஸி ஏற்ற இறக்கத்தை அடிக்கடி சொல்லிவிடுவார், விட்டுப்போனதை அமெரிக்க இசை இதழான பில்போர்டின் ஹாட் 100-இன் அதே தேதிப் பட்டியலில் பார்த்து நிரப்பலாம். கேஸியின் அந்தப் பதினெட்டு ஆண்டும் வாரப் பட்டியல் ஹாட் 100-தான். கடைகள் சொன்ன விற்பனையும் வானொலி நிலையங்கள் தந்த பாட்டுப் பட்டியலும் சேர்ந்தது அது. சிங்கிளாக, அதாவது ஆல்பத்தில் மட்டுமல்லாமல் தனித்தட்டாகவும், வெளிவராத பாட்டு எவ்வளவு புகழ் பெற்றாலும் அதில் ஏறாது. லெட் செப்பலினின் ‘ஸ்டேர்வே டு ஹெவன்’ எந்த எழுபதுகளின் வாரத்திலும் இல்லாததற்குக் காரணம் இதுதான்.

தாள்கள் சேரச் சேரத்தான் சுவை. 1981 நவம்பர் 21 முதல் பத்து வாரம் ஒலிவியா நியூட்டன்-ஜானின் ‘ஃபிசிக்கல்’ முதலிடத்தில் இருந்தது. ஃபாரினர் குழுவின் ‘வெயிட்டிங் ஃபார் எ கேர்ள் லைக் யூ’ நவம்பர் 28-இலிருந்து இரண்டாம் இடத்தில் காத்திருந்தது. 1982 ஜனவரி 30 அன்று ‘ஃபிசிக்கல்’ இறங்கியதும் இடம் கிடைத்திருக்க வேண்டும். ஹால் அண்ட் ஓட்ஸ் இரட்டையர் குறுக்கே புகுந்து முதலிடத்தை எடுத்துக்கொண்டார்கள். பத்தாவது வாரமும் இரண்டாம் இடம். இதைத் தகவலாகப் படிப்பது வேறு, அந்த எபிசோடுகளை வரிசையாகக் கேட்டு ஒவ்வொரு முறையும் இரண்டாம் இடத்தில் அதே பாட்டு வருவதைக் கேட்பது வேறு. மறுஒலிபரப்பில் ஆண்டுகள் மாறி மாறி வருவதால் இந்த வரிசை ஒரே ஆண்டில் கிடைக்காது. பதிவுகளைத் தேதியிட்டு வைத்திருந்தால்தான் பல குளிர்காலங்களில் சேரும்.

டிசம்பர் கடைசியில் ஆண்டின் நூறு பாட்டு வரும், எண்பதுகளில் அது மொத்தம் எட்டு மணி நேரம். பில்போர்டின் ஆண்டுக் கணக்கு ஜனவரியில் தொடங்காது, முந்தைய ஆண்டின் கடைசி வாரங்களையும் சேர்த்துக்கொள்ளும். 1981-இல் முதலிடம் ஏறிய ‘ஃபிசிக்கல்’ 1982-இன் முதல் பாட்டாக நிற்பது அதனால்தான். உங்கள் தாள்களோடு ஒப்பிடும்போது நவம்பரிலிருந்து எண்ணுங்கள், ஓரளவு பொருந்தி வரும்.