அசையாமல் இருப்பதுதான் காடையின் காவல்

தை மாதம் கோவில்பட்டிப் பக்கம் மைத்துனரின் மக்காச்சோளக் காட்டில் ஓர் இரவு பன்றிக்காவலுக்கு இருந்தேன். பன்றி வருவதைத் தூரத்திலேயே அறிய அவர் புதிதாக வாங்கியிருந்த, உடற்சூட்டை இருட்டிலும் படமாகக் காட்டும் தெர்மல் கருவியை என் கையில் கொடுத்தார். அதை ஓடைக்கரைத் தரிசின் பக்கம் திருப்பியபோது, கொழுக்கட்டைப் புல்லின் அடியில் ஏழெட்டு வெண்புள்ளிகள் சிறு வளையமாக ஒளிர்ந்தன. டார்ச் அடித்துப் பார்த்தால் அதே இடத்தில் காய்ந்த புல்லும் மண்ணும் மட்டுமே தெரிந்தன.

அவை புதர்க்காடைகள். வால்கள் உள்நோக்கியும் முகங்கள் வெளிநோக்கியும் இருக்க, உடலோடு உடல் ஒட்டி வட்டமாகத் தரையிலேயே அடைவது அவற்றின் வழக்கம். ஆபத்து மிக அருகில் வந்தால்தான் திசைக்கு ஒன்றாகச் சிதறிப் பறக்கும்; அதுவரை மண் நிறச் சிறகையும் அசையாத உடலையும் நம்பியே கிடக்கும். சங்கப் பாட்டுகளில் குறும்பூழ் என்று பெயர் பெற்ற பறவைக்கு இன்றுவரை இதைவிடப் பெரிய காவல் கிடையாது.

தெர்மல் கருவி பறிப்பது இந்தக் காவலைத்தான். சுமார் 8 முதல் 14 மைக்ரோமீட்டர் அலைநீளத்தில் பொருள்கள் வெளிவிடும் வெப்பத்தை அது படமாக்குகிறது. பறவையின் உடற்சூடு ஏறத்தாழ 41 டிகிரி செல்சியஸ். இறகுப் போர்வை அதில் பெரும்பகுதியை மறைத்தாலும், முகமும் கண்ணோரமும் குளிர்ந்த தரையின் மேல் பளிச்சென்று தெரிந்துவிடுகின்றன. பகல் வெயிலில் காய்ந்த கற்களும் ஒளிர்வதால் அந்தி நேரத்தில் கருவி தடுமாறும். அடர்ந்த புல்லையும் அது ஊடுருவாது. ஆனால் பனி இறங்கிய பின்னிரவில், அசையாமல் இருக்கும் பறவைதான் முதலில் கண்ணில் படுகிறது.

அன்று உடன் வந்திருந்த ஒருவர், "வலை மட்டும் இருந்தா மொத்தத்தையும் அள்ளிரலாம்" என்றார். என்னால் அதைக் கேட்டுக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை. 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி வலை வைத்துப் பிடிப்பதும், முட்டையைச் சிதைப்பதும்கூட வேட்டைதான். சட்டத்தை விடுங்கள், ஒரு வளையத்தை அள்ளினால் அந்தத் தரிசின் கூட்டமே போய்விடும். காடைக் கறி வேண்டுமென்றால், ஐந்தாறு வாரத்தில் கறிப் பருவத்துக்கு வந்துவிடும் பண்ணைக் காடை ஊருக்கு ஊர் கிடைக்கிறது.

காடை வேட்டைக்கு அனுமதியுள்ள டெக்சாஸிலும் நாளொன்றுக்கு 15 பறவைகள்தான் சுடலாம். அதுவும் சூரிய உதயத்துக்கு அரைமணி முன்பிருந்து மறைவுக்கு அரைமணி பின்பு வரைதான். மோப்ப நாய் இடம் காட்ட, பறவை எழுந்து பறந்த பிறகே சுடுவது அங்குள்ள மரபு. அடிபட்டுப் புல்லில் விழுந்ததைத் தேட மட்டும் இக்கருவி உதவும் என்று வாதிடுவோர் உண்டு. வீணாக ஒரு பறவை சாகாமல் இருக்க அது உதவுமென்றால் அதை நான் மறுக்கவில்லை. அடைந்து கிடக்கும் கூட்டத்தை இருட்டில் தேடிப் போவதை எந்த ஊரிலும் என்னால் வேட்டை என்று ஏற்க முடியாது. ஜெர்மனியில் புல் அறுவடைக்கு முன் இதே வெப்பக் கேமராவை ட்ரோனில் கட்டிப் பறக்கவிட்டு, புல்லுக்குள் படுத்திருக்கும் மான்குட்டிகளைக் கண்டு அப்புறப்படுத்துகிறார்கள். நம் காடுகளில் அறுவடை எந்திரம் இறங்குவதற்கு முன் தரையில் கூடு கட்டும் பறவைகளுக்காக நாமும் அப்படித் தேடிப் பார்க்கலாமே.

மைத்துனர் மறுபேச்சின்றிக் கருவியை வாங்கிப் பன்றி வரும் பக்கம் திருப்பிவிட்டார். விடிந்ததும் ஓடைக்கரைக்குப் போய்ப் பார்த்தேன். புல் அழுந்திய இடத்தில், உள்ளங்கை அகலத்துக்கு எச்சம் ஒரே குவியலாகக் கிடந்தது. சற்றுத் தள்ளி வேலிமுள்ளுக்குள்ளிருந்து அவற்றின் குரல் கேட்டுக்கொண்டிருந்தது.