ஏற்புரைக்கு நான்கு நிமிடம்

அந்தத் துண்டுச்சீட்டை யார் எழுதிக் கொடுத்தார்கள் என்று எனக்குத் தெரிந்தாக வேண்டும். நாலாக மடித்த சீட்டு. எழுத்தாளர் பேச ஆரம்பித்து மூன்று நிமிடம்கூட ஆகியிருக்காது, பின்னாலிருந்து ஒரு கை நீண்டு அதை மைக்குக்குப் பக்கத்தில் வைத்தது. அவர் பிரித்துப் பார்த்தார். முகம் சுண்டிப்போனது. கையிலிருந்த தன் புத்தகத்தை மெல்ல மூடினார். மூன்று இடத்தில் காகிதத் துண்டு செருகி வைத்திருந்தார், வாசிப்பதற்காக. மூன்றையும் வாசிக்கவில்லை. "எல்லாருக்கும் நன்றி" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டார்.

"சாப்பாடு ரெடி. சுருக்கமாக முடிக்கவும்." சீட்டில் இருந்தது அவ்வளவுதான். பிறகு அவரே சொன்னார்.

யாருடைய கூட்டம் அது? அழைப்பிதழை இன்னொரு தடவை எடுத்துப் பார்த்தேன். நூல் வெளியீடு, எழுத்தாளர் தன் நாவல் பற்றிப் பேசுகிறார், மதிய உணவு உண்டு. அந்த நடு வரிக்காகத்தான் ஒரு ஞாயிற்றுக்கிழமையை விட்டுக்கொடுத்தேன். தூத்துக்குடி உப்பளத்தில் சின்ன வயதில் வேலை பார்த்தவர், அறுபது வயதுக்கு மேல் எழுதிய முதல் நாவல். ராத்திரி முழுக்க ரயிலில் உட்கார்ந்து சென்னைக்கு வந்திருக்கிறார். வந்தவருக்குக் கிடைத்தது நான்கு நிமிடம். கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டேதான் இருந்தேன், 1:50க்கு எழுந்தார், 1:54க்கு உட்கார்ந்தார்.

அதற்கு முன்னால் போன நேரத்தைச் சொல்கிறேன், நீங்களும் உட்கார்ந்து அனுபவித்திருப்பீர்கள். பத்தரை மணிக் கூட்டம் 11:20க்குத் தொடங்கியது. வரவேற்புரை கால்மணி நேரம். மேடையில் இருந்தவர்கள், முன்வரிசையில் இருந்தவர்கள், வர முடியாமல் போனவர்கள் என்று அத்தனை பேரையும் "அவர்களே, அவர்களே" என்று விளித்து முடிப்பதற்கே அது சரியாகப் போனது. தலைமையுரை நாற்பது நிமிடம். தலைவர் தான் கல்லூரியில் படித்த காலத்துக்குப் போனவர் கடைசிவரை அங்கிருந்து திரும்பவில்லை. அப்புறம் நூல் வெளியீடு, முதல் பிரதி பெறுதல், ஆளுக்கொரு பொன்னாடை, ஒவ்வொன்றுக்கும் ஒரு புகைப்படம். வாழ்த்துரை மூன்று பேர். மூவருமே "நேரத்தின் அருமை கருதி" என்று தொடங்கினார்கள், மூவருமே பத்துப் பத்து நிமிடம் பேசினார்கள்.

இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொண்டேன். சிறப்புரைதான் என்னைக் கொதிக்க வைத்தது. வந்து நின்றதும் அவர் சொன்ன முதல் வாக்கியம்: "நூலை முழுமையாக வாசிக்க நேரம் கிடைக்கவில்லை." வாசிக்கவில்லை என்றால் உட்கார்ந்துவிட வேண்டியதுதானே? ஐம்பது நிமிடம் பேசினார்! உப்பு என்றவுடன் வேதாரண்யம், 1930, உப்புச் சத்தியாகிரகம். அங்கிருந்து உப்பைப் பற்றிய பழமொழிகள். அப்புறம் தனக்கு இரத்த அழுத்தம் இருப்பது, மருத்துவர் உப்பைக் குறைக்கச் சொன்னது. கூட்டம் சிரித்தது. மேடை ஓரத்து நாற்காலியில் நாவலை எழுதிய அந்த அம்மா கைகளை மடியில் வைத்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தார். நாவலில் வரும் ஒரு பாத்திரத்தின் பெயரையாவது அந்த ஐம்பது நிமிடத்தில் சொல்வார் என்று காத்திருந்தேன். சொல்லவேயில்லை.

நூற்றைம்பது நிமிடம் மற்றவர்களுக்கு, நான்கு நிமிடம் எழுதியவருக்கு. நாவலில் ஒரு பக்கத்தை நிதானமாக உரக்க வாசித்தால் இரண்டு நிமிடம் ஆகும். மூன்று பக்கம் என்றால் ஆறு. பழமொழிகளில் பாதியை விட்டிருந்தாலே அந்த ஆறு நிமிடம் கிடைத்திருக்கும்.

எழுத்தாளரோடு மதிய விருந்து என்ற ஏற்பாட்டை லண்டனில் 1930இல் பிரபலமாக்கியவர் கிறிஸ்டினா ஃபாயில். புத்தகக் கடைக்காரர் மகள், அப்போது அவருக்கு 19 வயது. வாசகர்கள் எழுத்தாளரை நேரில் பார்க்க வேண்டும், அவர் பேசுவதைக் கேட்க வேண்டும், அவ்வளவுதான் நோக்கம். லண்டன்வரை எதற்குப் போக வேண்டும்? நம்மிடம் அரங்கேற்றம் என்று ஒன்று இருந்ததே. பாடியவரே சபை நடுவில் உட்கார்ந்து பாட்டைச் சொல்லிப் பொருளும் சொல்வார், சபை கேள்வி கேட்கும், அவர் பதில் சொல்வார். சிதம்பரம் ஆயிரங்கால் மண்டபத்தில் பெரியபுராண அரங்கேற்றம் ஒரு சித்திரைத் திருவாதிரையில் தொடங்கி அடுத்த சித்திரைத் திருவாதிரைவரை நடந்ததாகச் சொல்வார்கள். ஒரு வருடம்! சேக்கிழார் கையில் யாரும் சீட்டு கொடுக்கவில்லை. அந்த மண்ணில் பிறந்த நாம் எழுதியவருக்கு மீந்துபோன நேரத்தைக் கொடுத்துவிட்டு, அதற்கு ஏற்புரை என்று பெயரும் வைத்திருக்கிறோம். என்னத்தை ஏற்றுக்கொள்ள? பொன்னாடையையா?

நிகழ்ச்சி நிரல் போடுகிறவர்களுக்குத் தெரியாதா இது? தெரியும். மேடையில் ஒரு நாற்காலியைக் குறைத்தால் ஒருவர் கோபித்துக்கொள்வார். அவர் வராவிட்டால் அவருடன் வருகிற இருபது பேர் வர மாட்டார்கள், அரங்கம் காலியாகத் தெரியும். எழுதியவர் மட்டும் எப்படியும் வருவார், எவ்வளவு நேரம் கொடுத்தாலும் வாங்கிக்கொள்வார், நன்றியும் சொல்வார். அந்தத் தைரியம்தான்.

எனக்கு ஒரு கேள்வி இருந்தது. புத்தகம் கையில் கிடைத்த அன்றே படித்துவிட்டு, கேட்டே தீர வேண்டும் என்று பென்சிலால் கோடு போட்டு எடுத்துப் போயிருந்தேன். உச்சிவெயிலில் ஒரு சிறுமி அம்மாவுக்குக் கஞ்சி கொண்டுபோகிறாள். காலையிலிருந்து வெள்ளை வெளேரென்ற உப்பையே பார்த்துப் பார்த்துக் கண் கூசிப்போன அம்மா, கையை நெற்றிக்குக் குறுக்கே வைத்துக்கொண்டு கேட்கிறாள்: "யாரு புள்ள நீ?" பெற்ற மகளைப் பார்த்து. அந்தச் சிறுமி பதில் சொல்லாமல் தூக்குவாளியைக் கீழே வைத்துவிட்டு நிற்பாள். ஏன் அவள் பதில் சொல்லவில்லை? இதைத்தான் கேட்க நினைத்தேன். கேள்வி நேரம் என்று ஒன்று இல்லவே இல்லை. நன்றியுரை சொன்னவரின் கடைசி வார்த்தை முடியும் முன்பே நாற்காலிகள் நகர்கிற சத்தம், எல்லோரும் பந்திக்கு.

கை கழுவுகிற இடத்தில்தான் அவரைப் பிடித்தேன். ஈரக்கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு நின்றார். "வாசிக்கணும்னு எந்தப் பக்கத்தம்மா எடுத்து வச்சிருந்தீங்க?" என்றேன். புத்தகத்தை விரித்துக் காட்டினார். 112ஆம் பக்கம். நான் கோடு போட்டிருந்த அதே பக்கம்.

"இது ஒண்ணையாவது வாசிச்சிருக்கணும்மா. ஊர்ல வீட்டுக்குள்ள சத்தமா வாசிச்சு வாசிச்சுப் பழகிட்டு வந்தேன். அழாம வாசிக்கணுமில்ல."

அதைக் கேட்டதும் எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது. சரி, இப்போதாவது கேட்டுவிடலாம் என்று வாயைத் திறந்தேன். "அம்மா, குரூப் போட்டோ! தலைவர் கிளம்புறாராம், சீக்கிரம் வாங்க!" என்று ஒருவர் வந்து அவர் முழங்கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போய்விட்டார். திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனார்.

இன்று காலையில் அந்தப் படம் வாட்ஸ்அப்பில் வந்தது. பதினான்கு பேர் நிற்கிறார்கள். நடுவில் தலைவர், பக்கத்தில் புத்தகத்தை வாசிக்காத சிறப்புரையாளர், அவர் கையில்தான் புத்தகம். இடது ஓரத்தில் யாரோ ஒருவரின் தோளுக்குப் பின்னால் ஒரு சேலைத் தலைப்பும் பாதி முகமும் தெரிகிறது. கீழே பதினொரு பேரின் பெயரைப் போட்டிருக்கிறார்கள். இரண்டு தடவை தேடிப் பார்த்துவிட்டேன், அவர் பெயர் இல்லை.