திரும்ப வரும் உறையை விட்டுவிட்டீர்களே

பிரபலங்களுக்குக் கடிதம் போட்டுக் கையெழுத்து வாங்கிய காலத்தைப் பற்றி நன்றாக எழுதியிருக்கிறீர்கள். ஆனால் ‘பதிலே வராது, வந்தாலும் அச்சடித்த கையெழுத்துதான்’ என்று முடித்ததை ஒப்புக்கொள்ள முடியவில்லை. சினிமாக்காரர்கள் விஷயத்தில் சரி. மூட்டை மூட்டையாகக் கடிதம் வந்தால் அவர்கள்தான் என்ன செய்வார்கள், உதவியாளர் உட்கார்ந்து ரப்பர் ஸ்டாம்ப் குத்துவார்.

எழுத்தாளர்களைச் சேர்த்திருந்தால் நீங்கள் வேறு மாதிரி எழுதியிருப்பீர்கள். எங்கள் திருநெல்வேலிப் பக்கத்து ராஜவல்லிபுரத்துக்காரர் வல்லிக்கண்ணன், 1978இல் சாகித்திய அகாதெமி விருது பெற்றவர். இருந்தவரை முகம் தெரியாத புதுப் பையன்களுக்கும் கைப்படப் பதில் போட்டவர். பாளையங்கோட்டை மாமா ஒருவர் அவருடைய கார்டுகளை டிரங்குப் பெட்டியில் பூட்டி வைத்திருக்கிறார். எங்களைத் தொடக்கூட விடமாட்டார்!

இப்போது முயல்பவர்களுக்கு: சொந்த முகவரி எழுதி, தபால்தலை ஒட்டிய உறையையும் உள்ளே வையுங்கள். பாதிப் பேர் இதைச் செய்வதில்லை. வெளிநாட்டுக் கிரிக்கெட்காரர் என்றால் நம் ஊர்த் தபால்தலை அங்கே செல்லாது, அந்த நாட்டுத் தபால்தலைதான் வேண்டும். புகைப்படம் அனுப்பினால் மடங்காமலிருக்க ஒரு அட்டை வையுங்கள். கடிதம் ஒரு பக்கத்துக்கு மேல் போகவேண்டாம், அவர் ஆடிய எந்த ஆட்டம் பிடித்தது என்று குறிப்பாகச் சொல்லுங்கள். அப்புறம், ஒரே ஆளுக்கு ஐந்தாறு படம் அனுப்பாதீர்கள். விற்கத்தான் கேட்கிறான் என்று நினைத்து ஒன்றில்கூடக் கையெழுத்துப் போடமாட்டார்கள்.