முங்குவதற்கு முன்னால் ஒரு ராத்திரி படியுங்க

கோயமுத்தூர், திருப்பூர் பக்கம் ஸ்கூபா, அதாவது முதுகில் காற்றுச் சிலிண்டர் கட்டிக் கடலில் முங்குவது, பழகியவர்கள் இப்போது நிறையப் பேர். இடுப்பில் சுரைக்குடுக்கை கட்டிக் கிணற்றில் நீச்சல் பழகிய ஊர்க்காரர்கள் இலங்கையில் மட்டக்களப்பு வரை போய், இரண்டாம் உலகப் போரில் மூழ்கிய கப்பல்களைப் பார்க்க முங்குவதில் எனக்குச் சந்தோஷம்தான். ஆனால் வந்து போடுகிற வீடியோவில் ஆழம் எவ்வளவு, தண்ணீர் எவ்வளவு தெளிவு, என்ன மீன் வந்தது என்பதோடு கதை முடிந்துவிடுகிறது. அந்தக் கப்பல் ஏன் அங்கே கிடக்கிறது, அதோடு யார் போனார்கள் என்று ஒரு வரி இருக்காது.

போன மாதம் தெரிந்த தம்பி ஒருத்தர், மட்டக்களப்புப் பக்கம் கிடக்கிற ஹெர்மிஸ் என்ற பிரிட்டிஷ் போர்க்கப்பலைப் பற்றி, "ஹெர்மிஸுக்குள்ள பிளேனெல்லாம் இன்னும் அப்படியே நிக்குதுங்கண்ணா, படகுக்காரரே சொன்னாருங்க" என்றார். நிற்காது தம்பி. விமானம் தாங்கிக் கப்பல்தான், ஆனால் அன்றைக்கு அதில் விமானமே இல்லை. எல்லாம் கரையில் இருந்தன. ஜப்பானியர் தாக்கப் போகிறார்கள் என்று தெரிந்து அவசரமாகத் திருகோணமலையை விட்டுக் கிளம்பிய கப்பல் அது. 1942 ஏப்ரல் 9 காலையில் திரும்பி வரும் வழியில் 80க்கும் மேற்பட்ட ஜப்பானியக் குண்டுவீச்சு விமானங்கள் தேடி வந்தன. இலங்கையிலிருந்து கிளம்பிய பிரிட்டிஷ் சண்டை விமானங்கள் வந்து சேர்வதற்குள் கப்பல் தண்ணீருக்குள் போய்விட்டது. 307 பேர் செத்தார்கள். கூட வந்த ஆஸ்திரேலியப் போர்க்கப்பல் வாம்பயரும் மூழ்கியது. வீட்டா என்ற மருத்துவக் கப்பல் பக்கத்தில் இருந்ததால் சுமார் 600 பேர் பிழைத்தார்கள். 'உள்ளே பிளேன் நிற்கிறது' என்ற கதையை விட, விமானமே இல்லாமல் சிக்கிக்கொண்ட விமானக் கப்பல் என்ற உண்மைதான் எனக்குப் பெரிதாகத் தெரிகிறது.

இதைத் தெரிந்துகொள்ள லண்டன் போக வேண்டியதில்லை. காமன்வெல்த் போர்க்கல்லறை ஆணையத்தின் பட்டியல் இணையத்தில் இலவசம். இறந்த தேதியைப் போட்டுத் தேடினாலே பெயர், வயது, பதவி எல்லாம் வரிசையாக வரும். அதைப் பார்த்துவிட்டு இறங்கினால் இரும்பைப் பிடித்துக்கொண்டு செல்ஃபி எடுக்கக் கொஞ்சம் கை கூசும். கூசட்டுமே.

நம்மவர்களைத் தேடினால்தான் சிக்கல். பிரிட்டிஷ் சரக்குக் கப்பல்களில் கரி தள்ளியவர்களும் தளம் கழுவியவர்களும் நிறையப் பேர் சில்ஹெட், கோவா, குஜராத் பக்கத்து ஆட்கள். அதே கப்பலில் வெள்ளைக்காரர் வாங்கியதில் ஒரு சின்னப் பங்குதான் இவர்களுக்குக் கூலி. கடலிலேயே போய்ச் சேர்ந்த பிரிட்டிஷ் வணிகக் கப்பல் மாலுமிகளின் பெயர் லண்டன் டவர் ஹில் நினைவுச் சின்னத்தில் பொறித்திருக்கிறது. இந்திய மாலுமிகள் சுமார் 6,000 பேருடைய பெயர்கள் மும்பையிலும் சிட்டகாங்கிலும் ஒரு புத்தகத்துக்குள் இருக்கின்றன. பல இடத்தில் ஒற்றைப் பெயர்தான். ஊரைக் கண்டுபிடிப்பதற்குள் தாவு தீர்ந்துவிடும்.

பழைய சமாச்சாரத்தைக் கிளறி என்ன ஆகப்போகிறது என்று கேட்பவர்களுக்கு இந்தோனேசியப் பக்கத்து ஜாவாக் கடலைக் காட்டுவேன். 1942 பிப்ரவரியில் அங்கே மூழ்கிய டி ருய்டர், ஜாவா என்ற இரண்டு டச்சுப் போர்க்கப்பல்களை 2002இல் முக்குளிப்பவர்கள் கண்டுபிடித்தார்கள். 75ஆம் ஆண்டு நினைவுக்காக 2016இல் போய்ப் பார்த்தால் கப்பலே இல்லை. மணலில் பள்ளம்தான் இருந்தது. பழைய இரும்புக்காக அறுத்து அள்ளிவிட்டார்கள், உள்ளே இருந்த எலும்போடு சேர்த்து. செங்கடலில் மூழ்கிக் கிடக்கிற திஸில்கார்ம் என்ற பிரிட்டிஷ் சரக்குக் கப்பலின் லாரியும் மோட்டார் சைக்கிளும் உலகப் புகழ். அங்கேயும் படகுகள் கயிற்றை நேரே கப்பலில் கட்டிக் கட்டித் தகடு பிய்ந்துபோனது, வண்டிகளின் பாகங்களை நினைவுப் பொருளென்று கழற்றிப் போனவர்களும் உண்டு. 1941இல் அதில் செத்த ஒன்பது பேரை எத்தனை பேருக்குத் தெரியும்?

ஹெர்மிஸ் கிடப்பது 50 மீட்டருக்கும் கீழே. பொழுதுபோக்கு முக்குளிப்பின் எல்லை 40 மீட்டர். புதிதாகப் பழகியவர்கள் ஆசைப்பட வேண்டாம். அதே நாளில் மூழ்கிய பிரிட்டிஷ் சார்ஜன்ட் எண்ணெய்க் கப்பல் இவ்வளவு ஆழத்தில் இல்லை. அதைப் பாருங்கள், படித்துவிட்டு.

அப்புறம், கடல் இல்லாத ஊருக்கு இதெல்லாம் எதற்கு என்று நினைத்துவிடாதீர்கள். அதே 1942இல்தான் பிரிட்டிஷ் கடற்படை நம் கோவையிலேயே விமானங்களைப் பழுது பார்க்க ஒரு தளம் தொடங்கியது. பெயர் எச்.எம்.எஸ். கருடா. பின்னால் சூலூரிலும் ஒன்று வந்தது. உங்கள் வீட்டுத் தாத்தா, அப்பிச்சி யாராவது அங்கே ஃபிட்டராகவோ கிளார்க்காகவோ இருந்திருந்தால், பழைய டிரங்குப் பெட்டியில் ஒரு பாஸ், ஒரு போட்டோ கிடந்தாலும் சரி, கீழே கமெண்டில் போடுங்க. தேதி தெரிந்தால் அதையும் எழுதுங்க.